மானேஜர் ரெங்கசாமி நீக்கம்

முதலில் தகரம் தட்டும் சத்தம்தான் வந்தது. ரயில் லைன் பக்கமிருந்து, பத்துப் பதினைந்து மண்ணெண்ணெய் டின்களைச் சேர்த்து அடிக்கிற சத்தம். நடுநடுவே ஊளை.

கிளப் கொட்டகைக்குள் பலகையில் பசை தடவிக்கொண்டிருந்த காரியதரிசி நாகையா, எட்டிப் பார்க்கவில்லை. யாரை விரட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"எங்கேய்யா எங்க தம்புசாமி?"

"கிள்ளான்காரன் வீட்டுச் சாப்பாடு ருசியா இருந்துச்சா, மானேஜரே?"

ரெங்கசாமி உள்ளே வந்து படலைச் சாத்தினார். தோளில் யாரோ எறிந்த சேறு.

ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் அவர். ஏழு வருஷமாகப் பிரிக்பீல்ட்ஸ் யூனியன் பந்தாட்டக் குழுவுக்கு மானேஜர். குழுவை உண்டாக்கியவரும் அவர்தான். பட்டறை விட்டால் மைதானம், மைதானம் விட்டால் இந்தக் கொட்டகை. மனைவி போன பிறகு வேறு போக்கிடம் கிடையாது.

நேற்று, 1909-ஆம் வருஷத்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். எல்லாரும் இங்கே சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, குழுவின் சிங்கமான தம்புசாமியைப் பார்த்து, "உனக்கு இன்னிக்கு ஆட்டம் கிடையாது. பின்வாசல் வழியாப் போடா!" என்று கத்தினார் ரெங்கசாமி. காரணம் கேட்டவர்களுக்கும் அதே கத்தல்தான்.

கிள்ளான் குழு மூன்று கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

"படிச்சுக்கலாம்," என்று பலகையைக் காட்டினார் நாகையா. நேற்றுவரை வாய்க்கு வாய் 'அண்ணே' போட்டவர். "கமிட்டியில ஒன்பது பேரும் கை தூக்கினோம். முதல் கை என்னோடது."

மேல் மூலைகள் மட்டும் ஒட்டியிருந்த தாளைக் கையால் பிடித்துக்கொண்டு படித்தார் ரெங்கசாமி. 'கர்வத்தால் குழுவைத் தோற்கடித்த மானேஜர் ரெங்கசாமி இன்று முதல் நீக்கப்பட்டார். இனி அவர் மைதானத்துக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் வரலாகாது.'

"கொட்டகைக்குள்ளயுமா?"

"எழுதியிருக்கே."

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "மழைக்கு முன்னால தெற்குப் பக்கத்து அத்தாப்பு ஓலைக் கூரையை மாத்திடுங்க. ஒழுகும்."

"அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்."

அவர் சும்மா போவது நாகையாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறது! பாசார் கடைத்தெரு முழுக்க அவன் பேருதான். உங்க பேரு அடிபட்டுப் போச்சு. அந்த வயித்தெரிச்சல்தானே?"

"அப்படியே வச்சுக்க."

"வச்சுக்கிட்டோம். வர்ற ஞாயித்துக்கிழமை பாருங்க. கோப்பை குடுத்தாரே பெரிய கங்காணி ஐயா, தோத்த குழுவுக்கும் அவரோட ரப்பர் தோட்டத்துல விருந்து வைக்கிறார். 'யாருப்பா அந்தத் தம்புசாமி, நான் பார்க்கணுமே'ன்னு அவரே வாய்விட்டுக் கேட்டார். நானே அவனைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முன்னால நிறுத்தப் போறேன்."

படலில் கை வைத்திருந்த ரெங்கசாமி திரும்பி வந்தார்.

"நாகையா, என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதி ஒட்டு. அவனை அங்க மட்டும் கூட்டிட்டுப் போகாதே."

"பார்த்தீங்களா? இன்னும் அடங்கல!"

"மெதுவாப் பேசு." ரெங்கசாமி வெளிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவன் அந்தத் தோட்டத்துலேருந்து ஓடி வந்தவன்ப்பா. கூலி ஒப்பந்தம் முடியல. பிடிவாரண்டு இருக்கு. தம்புசாமிங்கிற பேரே இங்க வந்து வச்சுக்கிட்டது."

நாகையாவின் பசைக் குச்சி அந்தரத்தில் நின்றது.

"நேத்து கங்காணி வண்டியை விட்டு இறங்கினதை இந்தப் படல் சந்து வழியாப் பார்த்துட்டான். அப்பவும் ஆடியே தீருவேன்னு நிக்கிறான், பைத்தியக்காரன். ஜெயிச்சா கோப்பையை யார் கையால வாங்கணும்? கத்தி விரட்டினேன். ஊரு அவனை ஏன்னு கேக்காது பாரு, என்னைத்தான் கேக்கும்."

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை..."

"எப்படிச் சொல்றது? நீ மாலையும் கையுமா அந்த ஆளு பின்னாடியே சுத்தின. கங்காணி பேசினப்போ என்ன சொன்னான்? 'என் தோட்டத்துலேருந்து ஓடினவன் ஒருத்தனும் தப்பினதில்லை'ன்னான். எல்லாரும் கைதட்டினீங்க."

நாகையா தலையைக் குனிந்துகொண்டார். முதலில் தட்டியது யார் என்று அவருக்கே தெரியும்.

சட்டென்று தாளைக் கிழிக்கப் போனார். ரெங்கசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

நாகையா தாளிலிருந்து கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை அவனுக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. நல்ல காய்ச்சலா இருக்கட்டும்."

ரெங்கசாமி படலைத் திறந்துகொண்டு வெளியே போனார். டின்கள் மறுபடி அலறின.

"அண்ணே..." என்றார் நாகையா. அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பசை ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அதைக் கிளறிவிட்டு, தாளின் கீழ் மூலை இரண்டிலும் தடவி, சுருக்கம் விழாமல் நீவி ஒட்டினார்.