பக்கத்து சீட்டு மீட்டர்

“ஓட்டுறவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியுதே!” என்றாள் மார்லீன், பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்த மாதிரி.

பட்டறைக்காரன் லாயிட் கையிலிருந்த எண்ணெய்த் துணியைத் தூக்கி மேஜை மேல் எறிந்தான்.

“தெரியணும்னுதானேங்க மீட்டரே மாட்டுறோம்!”

“தெரியக் கூடாது. பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். இன்னும் அந்தப் பக்கம் திருப்புங்க.”

சொல்லிவிட்டு ஸ்டீயரிங் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஓரக்கண்ணால் இன்னொரு முறை பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

வண்டி ஒரு பழைய மஸ்டாங் கார். வேகம் கூட, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் டர்போவை அவள் புருஷன் ஹார்லன் தன் கையாலேயே பூட்டியது. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்து எரிகிறது என்று காட்டும் மீட்டர்தான் இத்தனை ரகளைக்கும் காரணம். டர்போ வண்டிக்கு அது உயிர் மாதிரி. அழுத்தி மிதிக்கும்போது எண் பதினொன்று, பன்னிரண்டு என்று நின்றால் சரி. பதிமூன்றைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அப்போதே காலை எடுக்காவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். ஒஹாயோவில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதை ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரேதான் பொருத்துவார்கள்.

மீட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே லாயிட் பாதி செத்துவிட்டான்.

முள் ஓடுகிற மீட்டரைக் காட்டினால், “முள்ளு வேணாம், எண்ணு வேணும்” என்றாள். எண் உள்ளதைக் காட்டினால், “என்ன இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு? பெருசா காட்டுங்க” என்றாள். அலமாரி காலியானதுதான் மிச்சம்.

அவள் காபி வாங்கப் போன நேரம், வண்டிக்கடியில் படுத்திருந்த வெல்டர் ரிக்கோ தலையை நீட்டினான்.

“பாஸ், இதுக்குப் பேரு மீட்டர் இல்ல. பொண்டாட்டி கண்ணு. மனுஷன் எவ்வளவு மிதிக்கிறான்னு பக்கத்துல உக்காந்து கணக்குப் பாத்து, காதுல ஓதப் போகுது.”

“அந்த ஆளுக்குத் தெரியாமலே பாக்கணுமாம்டா. அதான் என் வயித்தெரிச்சல்.”

“பாவம் ஹார்லன். வீட்லயும் வாயைத் திறக்க முடியாது, ரோட்லயும் முடியாது.”

லாயிட் ஒரு முடிவுக்கு வந்தான். வண்டி எடுக்க ஹார்லன் வருவான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ‘ஐயா, இது உன் வண்டி, ஞாயித்துக்கிழமை பந்தயத் திடல்ல இறங்கப் போற, எஞ்சின் போனா உன் உழைப்புதான் போகும்’ என்று பட்டென்று சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் டிரக்கில் இருவரும் வந்து இறங்கினார்கள். வாயைத் திறந்துகொண்டு போன லாயிட் அப்படியே நின்றுவிட்டான்.

ஹார்லன் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வந்தார்.

“என்னப்பா அப்படிப் பாக்குற? பனிக்காலத்துல பக்கவாதம் வந்துச்சு. இந்தக் கால் செத்துப் போச்சு. கிளட்ச் மிதிக்க ஆகாது” என்றார். நேரே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே மீட்டர்.

“சென்சாரை எங்க வெச்ச?”

“டர்போவுக்குப் பின்னால, புகை போற குழாய்லதாங்க.”

“தண்ணி தேங்காம மேல்பக்கமா சாய்ச்சு வெச்சியா? முன்னால எங்கயும் கசிவு இல்லியே? கசிஞ்சா மீட்டர் பொய்யா நம்பர் காட்டும்.”

“எல்லாம் பாத்தாச்சுங்க.”

“ம். இந்தத் தடவையாவது ஒருத்தன் ஒழுங்கா வேலை பாத்திருக்கான்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்லீன் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் போனாள். லாயிடுக்கு அப்போதுதான் உறைத்தது. இரக்கம் வந்த வேகத்தில் எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அவளை மடக்கி, டிரக்குக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

“ஞாயித்துக்கிழமை ஓட்டப் போறது நீங்களா?”

“ஆமா.”

“அப்ப உங்க கண்ணுலயே படக் கூடாதுன்னுதானா மூணு நாளா என்னைப் பாடாப் படுத்தினீங்க? மிதிக்கிற நேரத்துல எண்ணு ஏறிச்சுன்னா உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“அவர் சொல்லுவார். அவர் விடுன்னா காலை எடுத்துடுவேன்.”

“அவர் சொல்லி, அது உங்க காதுல விழுந்து... ஐயோ! இருங்க, உங்க பக்கமும் சின்னதா ஒண்ணு மாட்டிடறேன். காசே வேணாம். எனக்குத் தூக்கம் வந்தாப் போதும்.”

மார்லீன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஹார்லன் கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏய், வந்து ஸ்டார்ட் பண்ணு! நம்பரைப் பாக்கணும்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“வேணாம் லாயிட். மாட்டினா நானே பாத்துப்பேன். அப்புறம் மிதிக்கட்டுமா, விடட்டுமான்னு அவரைக் கேக்க வேண்டியதே இல்லாமப் போயிடுமே.”