ஐந்து விரல்

கண்ணாடி முன்னால் நின்று ரேச்சல் மூக்கைச் சிந்துகிறாள். மருந்து அடிப்பதற்கு முன் மூக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அழுத நீர் நிற்கிற பாடாக இல்லை. இடது கன்னத்தில் அப்பா அருள்பிரகாசத்தின் ஐந்து விரலும் பதிந்து கிடக்கின்றன. எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர, அந்தச் சிவப்பும் நடுங்குகிறது. வாசலில் நிற்கும் அவர் அதைப் பார்க்க முடியாமல், மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளையே பார்க்கிறார். அதில் ‘ஸ்டீராய்டு’ என்று கண்டதும், குத்துச்சண்டை பழகும் மகள் உடம்பேற்றத் திருட்டு மருந்து அடிக்கிறாள் என்று கை நீட்டிவிட்டார். மெடிக்கலில் விசாரித்தது அதற்குப் பிறகுதான். தும்மலுக்காம். டாக்டர் சொன்ன அளவில் அடித்தால் பயமில்லையாம். ரேச்சல் குப்பியைக் குலுக்கி, தலையை லேசாகத் தாழ்த்தி, வலது கையால் இடது மூக்கில் வைக்கிறாள். முனை மூக்கின் நடுத்தண்டுப் பக்கம் போகாமல் வெளிப்புறமாக, அந்தக் கன்னத்தை நோக்கிச் சாய்கிறது. ஓர் அழுத்து. உறிஞ்சாமல் மெல்ல மூச்சிழுக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்குத் தும்மல்தான் வருகிறது. “ஒனக்கும் இந்தத் தூசி ஒத்துக்கல நைனா,” என்கிறாள், திரும்பாமலே. “டாக்டராண்ட காட்டு. என்னுத எடுத்து அடிச்சிக்காத, இன்னா?” குரலில் கோபமே இல்லை. முனையைத் துடைக்கும்போது மூடி கைநழுவி அவர் காலடிக்கு உருள்கிறது. அவர் குனிந்து எடுத்து, கையை நீட்டுகிறார். ரேச்சலின் இரண்டு முஷ்டிகளும் தாமாகவே முகத்துக்கு முன்னால் ஏறி நிற்கின்றன.