பாப்பா முழிச்சுக்கும்

நாடே கொண்டாடும் ஓவியரின் அருங்காட்சியகம் அது, அனுமதி இலவசம். 'உறங்கும் சிறுமி' படத்தின் முன் கூட்டம் நெருக்கியடித்தது.

"மெதுவாப் பேசுங்க, பாப்பா முழிச்சுக்கும்," என்றார் வழிகாட்டி. பத்து வருடமாகச் சொல்லும் ஜோக். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் நின்ற வயதான அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாகத் தினமும் வருகிறவர். இந்த வரியைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த படத்துக்கு வராமல் போய்விடுவார்.

வழிகாட்டிக்கு உறுத்தியது. அன்று வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நான் சொல்றது பிடிக்கலையா? வேணும்னா விட்டுடறேன்."

"விட்டுடாதீங்க தம்பி. அதைக் கேக்கத்தான் ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

"அந்த ஜோக்கைக் கேக்கவா?"

"படத்துல இருக்கறது என் பொண்ணு."

வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. "அடடே, கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. ஒருநாள் அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்."

அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டா தம்பி. ஞாபகத்துக்கு ஒரு போட்டோகூட இல்லையேன்னு நான் அழுததைக் கேட்டு, அப்போ பக்கத்து வீட்ல குடியிருந்த இந்த ஓவியர் வந்தார். தூக்கறதுக்கு முன்னால உக்காந்து வரைஞ்சார். இத்தனை வருஷத்துல, அவ முழிச்சுக்குவான்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."