வெட்டிய ஒரு நிமிடம்

1974இல் ஜெர்மனியின் கொலோன் தொலைக்காட்சிக்காக நாங்கள் எடுத்த ஆவணப்படம் நாற்பத்து நான்கு நிமிடம் ஓடியது. எங்களுக்குக் கொடுத்திருந்ததோ நாற்பத்து மூன்று. ரூர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கரித்தூசி படிந்த ஜன்னல்களைப் பற்றிய படம் அது. அதில் ஹெட்விக் கலூசா என்ற விதவை, ஜன்னலைத் துடைத்தபடியே, பதினொரு வருடமாக வீட்டுக்கு வராத மகனிடம் ஒரு நிமிடம் பேசுவார். "வோல்ஃப்ராம், சாவி பக்கத்து வீட்டுல இருக்குடா. எப்ப வேணா வா."

"இது படமில்ல ரோஸ்வித்தா, சொந்தக் கடுதாசி. வெட்டிடு," என்று படத்தொகுப்பாளரான என்னிடம் சொன்னார் இயக்குநர் எக்கார்ட்.

"அந்தம்மா இதுக்காகத்தான் நம்மள வீட்டுக்குள்ளயே விட்டாங்க," என்றேன்.

ஒரு மாதம் சண்டை போட்டோம்; அதுவரை படம் ஒளிபரப்பாகாமல் கிடந்தது. கடைசியில் என் கையாலேயே வெட்டினேன்.

படம் ஒரு ஞாயிறு மதியம் ஒளிபரப்பானது. வியாழக்கிழமை நிலையத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது.

"வோல்ஃப்ராம் கலூசா பேசறேன். டிவில அம்மா கூப்பிட்டதப் பாத்துட்டு அன்னைக்கே ரயில் ஏறிட்டேங்க. சாவி பக்கத்து வீட்டுலதான் இருந்துச்சு."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒளிபரப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். சரியாக நாற்பத்து மூன்று நிமிடம். வெட்டிய படச்சுருள் துண்டு என் மேசையருகே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அடக்கம் பண்ணி மூணு வாரமாச்சாம். ஒரு மாசம் முன்னாடியே இதப் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

போட்டிருக்கலாம். அந்த ஒரு மாதமும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.