இரையும் கிடார்

இந்த மாதத்தில் அவளுக்கு இது ஐந்தாவது நேர்முகத் தேர்வு. இனியும் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு முகம் இல்லை.

ரிப்பேர் கடை முதலாளி எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கொடுத்தார்.

"வாசிக்காம சும்மா வச்சாலே 'ம்ம்ம்'னு இரையுது. கோளாறு எங்கேன்னு கண்டுபிடிம்மா."

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. கிடாரின் ஸ்விட்சை ஐந்து இடத்திலும் மெல்லத் தள்ளி நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள். இரண்டாவது இடத்திலும் நாலாவது இடத்திலும் மட்டும் இரைச்சல் அடங்கியது.

"கோளாறே இல்ல சார். இந்த வகைக் கிடாரே இப்படித்தான். உள்ள இருக்கற கம்பிச்சுருள்ல ஒன்னு மட்டும் வேலை செஞ்சா இரையும். ரெண்டு சேர்ந்தா ஒன்னை ஒன்னு அடக்கிடும்."

"எங்க வீட்ல ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் இரைச்சலே" என்றார் முதலாளி, சிரிக்காமல். "கரெக்டா சொல்லிட்ட. உனக்கு முன்னாடி பதினாலு பேர் வந்தாங்க. ஆளாளுக்குப் பிரிச்சுப் போட்டு, அது போச்சு, இது போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்னாங்க. உனக்கு ஒருத்திக்குத்தான் காது இருக்கு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்போ எப்ப சார் வேலைக்கு வரட்டும்?"

"நீயா? கோளாறே இல்லன்னு சொல்ற ஆளை வச்சுக்கிட்டு ரிப்பேர் கடை நடத்த முடியுமாம்மா? அந்தப் பதினாலு பேர்ல யாரை எடுக்கறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."