சிங்கப்பூர் வைத்தியம்

“இங்க இருக்கற டாக்டருங்க ஆவாதா உனக்கு? சிங்கப்பூருக்குப் போயே தீரணுமா?”

மாதவராஜ் கத்தினார். மாதம்மாள் புடவைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மனைவியின் போக்கு அவருக்குப் புரியவே இல்லை. தலைவலி என்று சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது அவரும்தான் கூட இருந்தார்.

“மூளை உறையில சின்னக் கட்டி. கேன்சர் இல்லீங்க, பயப்படாதீங்க. இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தரம் ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்” என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

மாதவராஜ் நிம்மதியாகக் கோயிலில் தேங்காய் உடைத்தார். இவளோ சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் பூபதிக்குப் போன் போட்டு அழுதாள்.

“மாப்ள, மூளையில கட்டிங்களாம். அங்க வந்து பெரிய டாக்டர்கிட்டக் காட்டணுமுங்க.”

காய்ச்சலுக்கு மாத்திரை போடவே யோசிக்கிறவள் இவள். கட்டி புத்தியைக் கலக்கிவிட்டதோ? மாதவராஜ் ரகசியமாக சேலத்து டாக்டரைக் கேட்டார். “அந்தக் கட்டியால அப்படியெல்லாம் ஆகாதுங்க” என்றார் அவர். குழப்பம் இன்னும் கூடியது.

மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் தக்காளி இறக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். “என்னங்கண்ணா, அண்ணிக்கு நம்மூரு ஊசி ஏறாதுங்களாமா?”

மாதம்மாள் யார் பேச்சையும் கேட்கவில்லை. போயேவிட்டாள்.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். கூடவே மகள் சந்தியா, பெரிய பெட்டியுடன்.

சேதி கேட்டு மாதவராஜின் அக்கா முனியம்மாள் வந்துவிட்டாள்.

“புருசன் அங்க, நீ இங்கயா? எப்பம்மா திரும்பிப் போற?”

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். மாதம்மாள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் அண்ணி இழுத்துட்டு வந்தேன். எனக்கு ஒடம்பு முடியல. பக்கத்துல ஆள் வேணும். இனிமே அவள அனுப்பறதா இல்லீங்க.”

“உன் சொகத்துக்காகப் பெத்த புள்ள குடித்தனத்தக் கெடுப்பியா? நீயெல்லாம் ஒரு தாயா?”

கொடுத்த காபியைத் தொடாமலே முனியம்மாள் போய்விட்டாள்.

மாதவராஜுக்கும் பொறுக்கவில்லை. “அக்கா கேட்டதுல என்ன தப்பு? ஒண்ணுமில்லாத கட்டிக்குப் போயி...”

“அப்பா!” சந்தியா குறுக்கிட்டாள். “அம்மா அங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகலப்பா.”

“என்னது?”

“அவரு என்னை அடிப்பாருப்பா. பாஸ்போர்ட்டையும் புடுங்கி வச்சிருந்தாரு. நான் வாயே தொறக்கல. வீடியோ கால்ல என் மொகத்தப் பாத்தே அம்மா கண்டுபுடிச்சிடுச்சு. இங்க வைத்தியத்துக்குச் செலவு ஜாஸ்தி, ஊருக்கே போறேன்னு அம்மா சொல்லுச்சு. தலையில கட்டி இருக்கறவங்களத் தனியா ப்ளைட்டுல ஏத்தி வுட்டா நாலு பேரு தப்பாப் பேசுவாங்கன்னுதான், கூடப் போயி வுட்டுட்டு வான்னு பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்தாரு.”

மாதவராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாதம்மா?”

“சொல்லியிருந்தா அந்த நிமிசமே போன்ல அவனத் திட்டியிருப்பீங்க. நம்ம புள்ள அப்ப அவன் வூட்டுலல்ல இருந்தா?”

சந்தியாவின் கண்கள் கலங்கின. “அத்தகிட்ட நான் என்னம்மா சொல்றது? உள்ளதச் சொல்லவும் வாய் வரல. நீ திட்டு வாங்கறதையும் பாக்க முடியல.”

மாதம்மாள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“உனக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு கண்ணு. அதுவரைக்கும் பழி என் தலையிலயே கெடக்கட்டும்.”