ஊசி வேண்டாத சோதனை

மனிதகுலத்தை ஊசியிலிருந்து விடுவிக்கவே பிறந்தது அந்தச் சென்சார். பெரியவரின் மணிக்கட்டு வியர்வையைத் தொட்டதும் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று காட்டியது.

"மெஷின் கோளாறு," என்றார்.

"நாற்பது நாட்டுல இதைத்தான் சார் நம்புறாங்க," என்றாள் நர்ஸ். "நாலாயிரம் ஆராய்ச்சிக் கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்களாம்."

"கட்டுரையில ஆயிரம் எழுதுவாங்க! எலக்ட்ரோடு அழுக்காயிருக்கும்."

நர்ஸ் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே முந்நூற்றுப் பத்து.

"டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன், சார். இனிமே இனிப்பு கிடையாது."

"சர்க்கரையாவது, எனக்காவது! ஊசியால குத்தி ரத்தத்துல பாரும்மா. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி பெருமூச்சு விட்டாள். "குத்தும்மா. முப்பது வருஷமா என் பேச்சை நம்பாதவரு, இன்னிக்குத் தன் பேச்சையே நம்பலை."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் சென்சார் பெட்டியைப் பார்த்தாள். 'கண்டுபிடித்தவர்' என்ற எழுத்துக்குமேல் அந்தப் பெரியவரின் படம் இருந்தது.